ஏழாவது எலி

"மூஸ்கா, செருப்பைக் கழட்டுடா."

"எதுக்கு அண்ணே? இந்தத் தரையை மிதிக்க எனக்கு இன்னொரு ஜோடி செருப்பு வேணும்போல இருக்கு."

எடுபிடி நான்; துப்புத் துலக்குகிறவர் கார்போ. விருந்து அறை வாசலில் நின்று, தோள்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

தரை முழுக்க எச்சில். மீன் முள், சிப்பி ஓடு, சப்பிப் போட்ட கோழிக்கால், திராட்சைக் காம்பு, கடித்துத் துப்பிய அத்திப்பழத் தோல், நத்தைக் கூடு. ஒரு மூலையில் சுண்டெலி ஒன்று கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. "சூ!" என்று காலை உதறினேன். அது அசையவில்லை.

"அது கல்லு," என்றார் கார்போ.

"எது?"

"எலி. அந்தக் கோழிக்காலும் கல்லு. சிப்பியில பாதி கல்லு. மிச்சமெல்லாம் நேத்து நிஜமாத் தின்னு போட்டது. எது எதுன்னு பிரிக்கிறதுதான் இப்ப உன் வேலை."

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

செத்துப்போன ஒட்டாகிலியுஸ் எங்கள் புத்தியோலித் துறைமுகத்தில் மீன் சாறு வியாபாரி. மீன் குடலையும் உப்பையும் தொட்டியில் கொட்டி, வெயிலில் அழுகவிட்டு, அதில் ஊறி வருகிற சாற்றை ரோம் வரைக்கும் அனுப்பிப் பணக்காரர் ஆனவர். அவர் பல்லக்கு போனால் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். இப்படிப்பட்ட மனிதர் பணம் சேர்ந்ததும் என்ன செய்தார்? அலெக்சாந்திரியாவிலிருந்து வண்ணக்கல் பதித்துத் தரை போடுகிற ஒரு மொசைக்காரனை வரவழைத்து, விருந்து அறைத் தரையில் குப்பையைப் பதிக்கச் சொன்னார். பெருக்காத தரை என்று அதற்குப் பெயராம். அந்தக் காலத்துக் கிரேக்க ராஜாக்கள் வீட்டில் இருந்த பாணியாம். கல்லையும் கண்ணாடியையும் நகக்கண் அளவுக்கு உடைத்து, ஒவ்வொரு முள்ளுக்கும் ஒவ்வொரு தோலுக்கும் நிறம் பார்த்துப் பொறுக்கி ஒட்டியிருந்தான். இதே குப்பை என் வீட்டில் சும்மாவே கிடைக்கும். அதற்காக நானும் என் பெண்டாட்டியும் தினமும் சண்டை போடுகிறோம்.

புதுத் தரையைக் காட்டத்தான் நேற்றைய விருந்து. சாய்ந்து சாப்பிட்டது மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மர எலி, மரப்பொந்தில் வாழ்கிற ஜாதி. அதை இருட்டுச் சாடியில் அடைத்துக் கொட்டை போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு வயிற்றில் மசாலா அடைத்துத் தைத்து, தேன் தடவிச் சுடுவார்கள். ஐந்து பேர் தின்றுவிட்டு விரலை நக்கினார்கள். ஒட்டாகிலியுஸ் தின்றுவிட்டு, வாயில் நுரை தள்ளி, படுத்த மஞ்சத்திலேயே விறைத்துப்போனார்.

எலியைச் சமைத்தது ஸ்டாகிஸ் என்ற அடிமை. சுட்டதும் அவன், தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து ஆளாளுக்கு வைத்ததும் அவன். அவனைத் தோட்டத்துத் தூணில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா கார்போ, வெயில் இந்தப் படியைத் தொடற வரைக்கும்தான் உனக்கு நேரம்," என்றார் நகர் நடுவர் கானினியுஸ். தோட்டத்துப் பக்கம் திறக்கிற வாசற்படியைக் கால் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார். "அப்புறம் அவனை மரக்குதிரையில ஏத்தி, கையும் காலும் கழண்டு வர இழுத்துக் கேப்போம். அடிமை வாக்குமூலம்னா அப்படி வாங்கினாத்தான் செல்லும். ஒத்துக்கிட்டா சிலுவை."

"ஒத்துக்கலைன்னா?" என்றேன்.

"அப்பவும் சிலுவைதான்."

"அப்ப எதுக்குக் கேக்கணும்?"

"சட்டம் கேக்கச் சொல்லுதுப்பா!"

கானினியுஸும் நேற்று விருந்தாளிதான். அதுவும் முதல் மரியாதைக்காரர். ஒட்டாகிலியுஸ் சாய்ந்ததும் தன் சேவகர்களை விட்டுக் கதவை அடைத்து, அறையில் இருந்தவர்களின் துணி, மடி, கைத்துண்டு எல்லாவற்றையும் உதறிப் பார்த்தது அவர்தான். வீட்டு அம்மாவைக்கூட விடவில்லை; தன் அக்காளை வரவழைத்துச் சோதிக்க வைத்தார். எதுவும் அகப்படவில்லை. பிறகு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார்.

அதனால்தான் இந்த நாற்றம். சாப்பிடும்போது கீழே விழுந்தது செத்தவர்களுக்குச் சொந்தம். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகுதான் பெருக்கி நெருப்பில் போடுவோம். இங்கே பந்தி முடியவில்லை. ஆள்தான் முடிந்தார். கோடை வெயிலில் ஒரு ராத்திரி முழுக்கச் சிப்பியும் மீன் தலையும் பூட்டிய அறையில் கிடந்தால் என்ன ஆகுமோ, அது ஆகியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் இதை இப்படியே வெச்சிருப்பீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. செத்தவரின் மனைவி வெடியா. உள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் வாசனைத் துணி. வாயில் ஏதோ பிசின் மென்றுகொண்டே இருந்தாள். அவள் பேசினால் சைப்ரஸ் மரத்தைக் கீறியதுபோல ஒரு மணம் வந்தது. "எனக்குக் குமட்டுது. அந்தச் சமையக்காரனை இழுத்துட்டுப் போங்க, நான் ஆளை விட்டுத் தரையைக் கழுவணும்."

"கழுவலாம் அம்மா," என்றார் கார்போ. "மூஸ்கா, உக்காரு."

"எங்க அண்ணே?"

"முட்டி போடு."

அடுத்து நான் செய்ததை என் பெண்டாட்டியிடம் இன்றுவரை சொல்லவில்லை. கூடை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, ஒவ்வொரு எச்சிலாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மீன் முள்ளை நகத்தால் நிமிண்டினேன், கல். நகம் உடைந்தது. பக்கத்தில் இருந்த நத்தைக் கூட்டைக் கல் என்று நினைத்து அழுத்தினேன். கூடு உடைந்து உள்ளே இருந்தது விரலில் வழிந்தது.

"அண்ணே, நான் ராஜினாமா பண்றேன்."

"பண்ணு. எலி எலும்பை மட்டும் தனியா வை. யார் படுத்த இடத்துக்கு முன்னாடி எது கிடந்துச்சோ, அந்தந்த இடத்துலயே குவியலா வை."

மூன்று பக்கம் மஞ்சம், நாலாவது பக்கம் தோட்டத்து வாசல். எதிர் மஞ்சத்தில் இரண்டு எண்ணெய் வியாபாரிகள் படுத்திருந்தார்கள். நடு மஞ்சத்தின் ஓரத்தில் நடுவர். அவர் தலைமாட்டை ஒட்டி, இந்தப் பக்க மஞ்சத்தில் ஒட்டாகிலியுஸ். அவருக்கு அடுத்து மனைவி. கடைசியில் மொசைக்காரன் அம்மோனியோஸ்; தரைக்கு விருந்து என்றால் தரை போட்டவனை விட முடியுமா?

அந்த அம்மோனியோஸ் என் பின்னாலேயே குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தான். செத்தவரைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

"பாத்து, பாத்து! அந்த வாத்துக் காலைச் சுரண்டாதீங்க ஐயா! அதுக்கு மட்டும் ஏழு வகைச் சிவப்பு போட்டிருக்கேன்!"

"யோவ், குப்பைக்கு இவ்வளவு பெருமையா?"

"குப்பையை எவன் வேணும்னாலும் செய்வான். அதுக்கு நிழல் போடுவானா? பாருங்க, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல கறுப்பா நிழல். வெளிச்சம் தோட்டத்துல இருந்து வருது, அதனால நிழல் அத்தனையும் உள்பக்கமா விழுது. அதான் உங்களை ஏமாத்துது. என் பட்டறையில ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுட்டமண் பலகை மேல ஒட்டி, கப்பல்ல கொண்டுவந்து, இங்க சுண்ணாம்புல இறக்கினேன்."

"ஒரு கப்பல் முழுக்க எச்சில் ஏத்திட்டு வந்திருக்கே. உன்னைத் துறைமுகத்துலயே தடுத்திருக்கணும்."

ஆறு இடத்தில் ஆறு குவியல் எலும்பு சேர்ந்தது. பொடிப்பொடியாக, தேன் பிசுக்கோடு. நடுவர் எட்டிப் பார்த்தார்.

"ஆறு பேர், ஆறு எலி, ஆறு குவியல். முடிஞ்சுதா கார்போ? இதுல எங்கப்பா மர்மம்? சமையக்காரன் ஒண்ணுல மட்டும் விஷம் வெச்சான், அதை எஜமான் முன்னாடி வெச்சான்."

"அவனைக் கூப்பிடுங்க," என்றார் கார்போ.

கட்டியிருந்த கயிறோடே ஸ்டாகிஸை இழுத்து வந்தார்கள். தாடையெல்லாம் வீங்கியிருந்தது. ஏற்கெனவே யாரோ சட்டத்துக்கு முன்னால் கேள்வி கேட்டிருந்தார்கள். வாசலில் நின்று தரையைப் பார்த்தான். அவன் கண் குவியல் குவியலாக நகர்ந்து வந்து, செத்தவர் படுத்திருந்த இடத்தில் நின்றுவிட்டது.

"சாமி, இது யார் தின்னது?"

"உன் எஜமான்."

"இருக்காதுங்க. எஜமான் எலியில எலும்பு ஏது?"

"என்னடா உளர்றே?" என்றார் நடுவர்.

"எஜமானுக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணுகூடக் கிடையாது சாமி. கொட்டிப்போய் ரெண்டு வருஷமாச்சு. வெளிய தெரியக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. அவருக்குன்னா வயித்தைக் கீறி, அத்தனை எலும்பையும் உருவி எடுத்துட்டு, உள்ள அடைச்சு, சிவப்பு நூல் போட்டுத் தைப்பேன். மத்தவங்களுக்கு வெள்ளை நூல். சிவப்பு நூல்காரனை நானே அவர் தட்டுல வெச்சேன்."

"பல் இல்லையா?" என்றாள் வெடியா. "யாருக்கு?"

"எஜமானுக்குத்தான் அம்மா."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். "தின்னும்போது அவர் வாயை எவ பாப்பா?"

"கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாததெல்லாம் சமையக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்று முணுமுணுத்தேன். கார்போ என் காலை மிதித்தார். பிறகு குவியலில் இருந்து ஒரு துணுக்கு நூலைக் குச்சியால் தூக்கிக் காட்டினார். வெள்ளை.

"பொய்!" என்றார் நடுவர். "தப்பிக்கிறதுக்குக் கதை கட்டறான்."

"கதைன்னா கதையாவே வெச்சுக்குவோம். ஆனா நிஜமா இருந்தா, எஜமான் தின்னது இவன் சமைச்ச எலி இல்ல. வெளிய எங்கயோ வாங்கி, விஷம் வெச்சு, யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. அப்படின்னா இந்த அறைக்குள்ள வந்த எலி ஆறு இல்ல, ஏழு. அந்தச் சிவப்பு நூல்காரன் எங்க?"

நடுவர் குனிந்து மஞ்சத்துக்கு அடியில் பார்த்தார்.

"முழு எலியைத் தரையில போட முடியாது," என்றார் கார்போ. "எலும்பைப் போடுவோம், தோலைப் போடுவோம், வாய் வைக்காத கறியை எவன் போடுவான்? உடனே கண்ணுல படும். வெளியவும் போகலை, எல்லாரையும் சோதிச்சாச்சு. அப்ப இங்கதான் இருக்கணும்."

தேடினோம். மஞ்சத்து மெத்தைகளைக் கிழித்தோம். தலையணைகளை உதறினோம். மது ஜாடிகளைக் கவிழ்த்தோம். அடியில் மண்டிதான் இருந்தது. நான் விளக்குத் தண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எண்ணெயும் செத்த பூச்சியும் வந்தது. எலி இல்லை. தோட்டத்தில் தூண் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. வெயில் படிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சேவகன் ஒருவன் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஸ்டாகிஸ் அந்தச் சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டே இருந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன். அப்போதுதான் காலில் சுருக்கென்றது.

"ஐயோ! எறும்பு!"

"கூடையில ஏறியிருக்கும்," என்றார் நடுவர்.

"இல்ல ஐயா, கூடையில ஒண்ணுகூட இல்ல. இதுங்க வேற எங்கயோ போகுது."

சுவர் ஓரத்திலிருந்து மெல்லிய கறுப்புக் கோடாக எறும்பு வரிசை ஒன்று வந்தது. ஒட்டாகிலியுஸும் வெடியாவும் படுத்திருந்த மஞ்சத்தின் ஓரத்தில், தரையில் பதித்த ஒரு நண்டுக் கொடுக்கைச் சுற்றி மொய்த்தது. கல் கொடுக்கு. நான் அதை முன்பே தொட்டுப் பார்த்துத் தள்ளியிருந்தேன்.

அம்மோனியோஸ் கையைத் தட்டினான். "பாத்தீங்களா! எறும்புகூட ஏமாந்துடுச்சு! இதைவிட ஒரு கலைஞனுக்கு..."

"எறும்பு கண்ணை நம்பிப் போகாதுய்யா," என்றேன். "அதுக்கு உன் கலையும் ஒண்ணுதான், உன் காலும் ஒண்ணுதான். அதுக்குத் தேவை சோறு."

கார்போ வயிற்றைத் தரையில் போட்டுப் படுத்துவிட்டார். அந்த எச்சில் தரையில், வெள்ளைத் துணியோடு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மோனியோஸ், உன் நிழலெல்லாம் எந்தப் பக்கம் விழும்னு சொன்னே?"

"உள்பக்கம்."

"இந்தக் கொடுக்குக்கு மட்டும் தோட்டத்துப் பக்கம் விழுதே."

மொசைக்காரன் குனிந்து பார்த்தான். ஆளை யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டான். "யார் இதைத் திருப்பி வெச்சது? எந்தப் பாவி?"

கார்போ கத்தி நுனியை ஓரத்தில் விட்டு நெம்பினார். பலகை பொசுக்கென்று பெயர்ந்து வந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு இல்லை. மென்று துப்பிய ரொட்டி. ஈரம் உலர்ந்து, மாவாகி, பற்குறியோடு விளிம்பெல்லாம் அப்பியிருந்தது. கார்போ அதை ஒரு விள்ளல் கிள்ளி மூக்குக்கு அருகே கொண்டுபோனார். எனக்கும் நீட்டினார். மோந்து பார்த்தேன். அதற்கப்புறம் ஓரமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

பலகைக்குக் கீழே குழி. குழியில் எறும்பு. எறும்புக்கு நடுவில், எலும்பில்லாததால் அமுங்கித் தட்டையாகி, தேன் வழிய, வயிற்றில் சிவப்பு நூலோடு உட்கார்ந்திருந்தது ஏழாவது எலி.

"நீதானா!" நடுவர் அம்மோனியோஸின் கழுத்துத் துணியைப் பிடித்தார். "ஆடுற பலகைன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்!"

"விரிசல் விட்டிருந்துச்சு ஐயா, நாளைக்குப் புதுசு வெக்கலாம்னு சுண்ணாம்பைத் தோண்டிட்டுச் சும்மா மூடி வெச்சேன், அது நிஜம்தான்! ஆனா நானா நிழலைத் திருப்பி வெப்பேன்? பலகை அடியில தோட்டத்துப் பக்கம்னு ஒரு வெட்டு இருக்கு. பாக்காமத் தடவினாக்கூட என் விரலுக்குத் தெரியும். கொலைகாரன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். இதை நான் வெச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க!"

"அப்ப இந்த எலியிலயும் விஷம் இருக்கலாமே," என்றார் நடுவர், பிடியை விடாமல். "சமையக்காரன் ரெண்டு பண்ணியிருப்பான். ஒண்ணு தப்பினா இன்னொண்ணு. இது என்ன நிரூபிக்குது?"

கார்போ குழிக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு படியைத் திரும்பிப் பார்த்தார். வெயில் படிக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது.

ஸ்டாகிஸ் கட்டிய கைகளோடு இரண்டு எட்டு முன்னால் வந்தான். முட்டி போட்டான். குழிக்குள் கையை விட்டு எலியை எடுத்தான். எறும்பைத் தட்டக்கூட இல்லை. வாயில் வைத்துப் பாதியைக் கடித்தான்.

"விஷம்டா! நிறுத்து!" என்று நடுவர் அலறினார்.

"துப்புடா, செத்துடுவே!" என்று நான் பாய்ந்தேன்.

"விஷம்! விஷம்!" என்று அம்மோனியோஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஐயே! எறும்பு! எறும்போட திங்கறானே!" என்று வெடியா கத்தினாள்.

ஸ்டாகிஸ் மென்றுகொண்டிருந்தான். அவன் உதட்டில் ஒரு எறும்பு ஏறி மேலே போனது. மிச்சப் பாதியையும் வாயில் திணித்தான். நூலை மட்டும் நாக்கால் தள்ளி வெளியே எடுத்து, உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். முழுங்கினான்.

"சாமி," என்றான் நடுவரைப் பார்த்து, "எஜமான் எவ்வளவு நேரத்துல விழுந்தாரு?"

"கிண்ணம் கைமாறறதுக்குள்ள," என்றார் நடுவர். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப பாத்துக்கிட்டே இருங்க. நான் இந்தப் படிக்கிட்ட நிக்கறேன். வெயில் என் காலைத் தொடறப்ப நான் நின்னுட்டு இருந்தா, என் எலியில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

போய் நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தோம். கார்போ மட்டும் வெடியாவைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்," என்றார். "இவங்க மூணு பேரும் விஷம்னு கத்தினாங்க. நீங்க மட்டும் எறும்புன்னு கத்தினீங்க."

"அருவருப்பா இருந்துச்சு, கத்தினேன்."

"அருவருப்பு எங்களுக்கும்தான் இருந்துச்சு. ஆனா பயம் முந்திக்கிச்சு. அந்த எலியில விஷம் இல்லைன்னு தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான் எறும்பு மட்டும் கண்ணுல படும்."

வெடியா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்தக் குழிக்குக் கை எட்டற இடத்துல மூணு பேர் படுத்திருந்தீங்க," என்றார் கார்போ. "மொசைக்காரன் நிழலைத் திருப்பி வெக்க மாட்டான். நடுவர் ஐயா ஒளிக்கவே வேண்டியதில்ல. அவரை யார் சோதிப்பா? கைத்துண்டுல சுருட்டிக்கிட்டு நேரா வெளிய போயிருப்பாரு."

"வறுத்த மீன்ல பாதியைக் கொண்டுபோனாரு," என்றேன். "வாசல்காவலன் சொன்னான்."

"அது வீட்டுல பூனைக்கு!" என்றார் நடுவர்.

"மீதி நீங்கதான் அம்மா. எல்லாரும் தரையை வேடிக்கை பாத்தப்ப, பக்கத்துத் தட்டுல எலியை மாத்தி, எடுத்ததைக் குழியில போட்டீங்க. மஞ்சத்துத் துணிக்குக் கீழ கையை விட்டு, குனியாம, தடவித் தடவி மூடியிருக்கீங்க. அதான் கொடுக்கு தலைகீழாப் போச்சு. பலகை ஆடாம இருக்க, கையில கிடைச்ச ரொட்டியை மென்னு அப்பினீங்க. அந்த ரொட்டியில பிசின் வாசம் அடிக்குது. மூஸ்கா வாந்தி எடுத்தப்பக்கூட அந்த வாசம்தான் வந்திருக்கும்."

"நன்றி அண்ணே," என்றேன்.

"அம்மோனியோஸ், பலகை ஆடுதுன்னு யார்கிட்ட சொன்னே?"

"அம்மாகிட்ட மட்டும். எஜமான்கிட்ட சொன்னா அடிப்பாரு."

வெடியா மூக்கிலிருந்து துணியை எடுத்தாள். இதுவரை அவள் முகத்தை முழுதாகப் பார்த்ததில்லை. அழகான முகம். அதில் கோபமோ பயமோ இல்லை. சாக்கடையைத் தாண்டும்போது வருகிற சுளிப்பு மட்டும்தான்.

"உங்க யாருக்காவது தெரியுமா அந்த நாத்தம்? குளிச்சாலும் போகாது. எண்ணெய் தேச்சாலும் போகாது. தலையணையில இருக்கும். என் தலைமுடியில இருக்கும். பொறுத்துக்கிட்டேன். அப்புறம் இந்தக் குப்பையைக் கொண்டுவந்து தரையில ஒட்டினாரு. அதுல காலை வெச்சுக்கிட்டு, அந்த வாயோட சிரிச்சுக்கிட்டு, 'எப்படி இருக்கு, பெண்ணே?'ன்னு கேட்டாரு. எவ்வளவு நாள்தான் முகத்தைத் திருப்பிக்கிறது?"

"திருப்பாமப் பாத்திருந்தா அவருக்குப் பல் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்," என்றார் கார்போ. "எலும்புள்ள எலியை வாங்கிட்டு வந்திருக்க மாட்டீங்க. அது போகட்டும். இவனை மரக்குதிரையில இழுத்துக் கிழிச்சிருப்பாங்க. அது உங்களுக்குக் குமட்டலையா?"

அவள் வாசற்படியில் நின்ற ஸ்டாகிஸை முதன்முறையாகப் பார்த்தாள். ஏதோ யோசித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"அதை வீட்டுக்கு வெளிய வெச்சுத்தானே செய்வாங்க."

கூடையில் இருந்த மீன் தலைகளின் நாற்றம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நடுவர் அவள் நாற்காலியிலிருந்து இரண்டு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டார், துணியில் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது போல. சேவகனுக்குக் கண்ணைக் காட்டினார். சுருட்டிய கயிறு ஸ்டாகிஸைத் தாண்டிப் போய் அவளிடம் நின்றது.

யாரும் நகரவில்லை. இன்னும் வெயில் வந்து சேரவில்லை. தோட்டத்தில் தூண் நிழல் விலகியது. வெளிச்சம் கல்லின் விளிம்பைத் தொட்டது, ஏறியது, அவன் அழுக்குக் கட்டைவிரலில் விழுந்தது. விரல் அசையாமல் இருந்தது. ஸ்டாகிஸ் குனிந்து அதைப் பார்த்தான். வயிற்றைத் தடவினான். பிறகு அடிவயிற்றிலிருந்து, நீளமாக, தேனும் மசாலாவும் பழைய கறியும் மணக்க, ஒரு ஏப்பம் விட்டான்.

வெடியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அவிழ்த்து விடுங்கப்பா," என்றார் நடுவர்.

கயிறு விழுந்ததும் ஸ்டாகிஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். நேராகத் துடைப்பத்தை எடுத்து வந்து, மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தான். பந்தி அப்போதுதான் முடிந்தது. நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம். கல் சுண்டெலி இருந்த இடத்தில் துடைப்பம் ஒரு கணம் தயங்கி, தாண்டிப் போனது.

"எப்படிய்யா இருந்துச்சு?" என்றேன் அவன் பக்கத்தில் வந்தபோது.

யோசித்தான். உள்ளங்கையில் இன்னும் அந்தச் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி," என்றான்.